செம்மறிக்குப் பாரணை

எனக்குக் குரல் கிடையாது. ஊமை இல்லை, பேச வரும். ஆனால் ரோட்டில் நின்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்த வராது. ஐந்தாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்தில், நான் 'உள்ளேன்' சொன்னது டீச்சர் காதில் விழாமல், வந்திருந்தும் வராதவளாகிப் போன நாட்கள் உண்டு. குரல் இல்லாமல் எப்படி ஆடு மேய்க்கிறாய் என்று கேட்பார்கள். எனக்கு முன்னத்தி இருந்தது.

முன்னத்தி என்றால் மந்தைக்கு முன்னால் போகிற ஆடு. கறுத்த முகமும் செம்பட்டை உடம்புமாக ஒரு பெட்டைச் செம்மறி. நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம். ஆடுகளை ஆற்றுக்குள் இறக்க வேண்டுமானால் கரை ரோட்டைக் கடந்தாக வேண்டும். வெளியூர் வேன், டவுன் பஸ், லாரி எல்லாம் பறக்கிற ரோடு. முன்னத்தி ரோட்டோரம் வந்து நிற்கும். நான் அதன் முதுகில் கையை வைத்திருப்பேன். கையை எடுத்தால் போகலாம் என்று அதற்குத் தெரியும். அது இறங்கினால் மற்றவை எல்லாம் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய்விடும். செம்மறியின் சுபாவம் அது. ஒன்றின் தைரியத்தில் மற்றவை நடக்கும். நானும் அந்த ஒன்றின் தைரியத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அதற்குத்தான் அடிபட்டது. மார்க்கெட் ஓரத்துக் காய்கறிக் குப்பையில் வாய் வைக்கப் போனபோது, தெருவில் திரிகிற காளை ஒன்று வயிற்றில் முட்டித் தூக்கிப் போட்டுவிட்டது. வெளியே காயம் இல்லை. கொஞ்ச நாளில் அடிவயிற்றில் ஒரு வீக்கம் கிளம்பியது. அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் மறுபடி வரும். நாளாக நாளாகப் பெரிய தேங்காய் அளவுக்குத் தொங்கியது. முன்னத்தி மெதுவாக நடக்க ஆரம்பித்தது. மந்தையும் மெதுவாக நடந்தது. பாதி ரோட்டில் அது நின்றுவிட்டால் எல்லாம் நின்றன. ஒரு நாள் பஸ் டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டினார். திட்டியது நியாயம்தான். இந்த ஆடு போய்விட்டால் மந்தையைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கே எனக்குத் தெளிவாகிவிட்டது. வேறு ஆடு முன்னத்தியாக வளரும்வரை ரோட்டில் நின்று கத்த என்னால் ஆகாது.

வடக்கு வீதியில் ஒரு மாமி இருக்கிறார். அவர் வீட்டுக் கொல்லைக் கதவு வழியாகப் பழத்தோல், காய்த்தோல் எல்லாம் என் ஆடுகளுக்குக் கிடைக்கும். துவாதசி காலையில் அகத்திக் காம்பும் கிடைக்கும். மாமி ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பவர். மறுநாள் துவாதசி விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் தளிகை பண்ணிச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார். அதற்குப் பாரணை என்று பேர். கீரை அவருக்கு, காம்பும் முற்றின இலையும் என் ஆடுகளுக்கு. எத்தனையோ வருடப் பழக்கம். மாமி பேசுவார், நான் கேட்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது சரியாக இருந்தது.

வீக்கத்தைப் பார்த்ததும் மாமி விடவில்லை. "இதை இப்படியே வெச்சிண்டு என்னம்மா பண்ணப்போறே? டவுன்ல மாட்டாஸ்பத்திரி இருக்கோல்லியோ. நானே வரேன். நீ அங்க போய் வாயைத் திறக்க மாட்டே" என்று சொல்லி, தெருமுனையில் நிற்கிற குட்டியானை லோடு வண்டிக்காரரையும் அவரே கூப்பிட்டார். வண்டிக்காரர் பாலக்கரைப் பக்கத்து பாய். சவுதியில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து சொந்த வண்டி போட்டவர். ஆட்டைப் பின்னால் ஏற்றி நானும் அதோடு உட்கார்ந்துகொண்டேன். மாமி முன்னால் உட்கார்ந்து காவிரிப் பாலம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா வயதில் சின்னவர். கழுத்தில் மெல்லிசாய் ஒரு சிலுவைச் செயின். ஆட்டைப் படுக்கவைத்து வீக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"குடலிறக்கம்மா. உள் சதை கிழிஞ்சு குடல் தோலுக்கு வந்திருக்கு. குடல் மாட்டிக்கிச்சுன்னா ஆடு போயிடும். அதுக்கு முன்னாடி தைச்சிடணும்."

"மரத்துப்போற ஊசி போட்டுத் தைக்கலாமோ?" என்றார் மாமி.

"மாட்டுக்கு நிக்க வெச்சே செய்வோம் பாட்டி. லேசா ஒரு கிறக்க ஊசி, விலாப்பக்கம் மரத்துப்போக ஒரு ஊசி, போதும். இதை மல்லாத்தி வயித்தைத் திறக்கணும். ஆடு திமிறினா குடல் வெளிய வந்துடும். அதனால முழு மயக்கம் குடுக்கணும்."

பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு ஒரு நாள் இதுக்கு விரதம். புல், தழை, தவிடு ஒண்ணும் கிடையாது. சாயந்திரத்தோட தண்ணியும் நிறுத்திடுங்க. நாளன்னைக்குக் காலைல கொண்டுவாங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மாமி முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கு ஏகாதசி! எனக்கும் விரதம்தான். துணைக்கு ஒருத்தி ஆச்சு."

என் பட்டியில் மற்ற ஆடுகளோடு கட்டினால் தழையில் வாய் வைக்கும். தனியாக வெளியே கட்டினால் நாய்த் தொல்லை. "என் கொல்லையில கட்டு. நான் பாத்துக்கறேன்" என்றார் மாமி. அப்படியே செய்தேன்.

ஏகாதசியன்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மாமி கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆடு அவர் காலடியில் படுத்திருந்தது. கொல்லையில் ஒரு துரும்பு இல்லாமல் பெருக்கியிருந்தார். உதிர்ந்த மாவிலைகூட இல்லை. "கத்தித்து. நான் பாசுரம் சொன்னேன். அடங்கிடுத்து" என்றார். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வண்டியில் ஏற்றும்போது ஆடு உற்சாகமாக இருந்தது. பட்டினி கிடந்த ஆடு இத்தனை தெளிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் லால்குடிக்காரர் ஒருவர் பசுவோடு நின்றார். அதற்கு வயிற்றில் பிளாஸ்டிக் அடைத்திருந்ததாம். கொட்டகைக்குள் அதை நிற்கவைத்தே ஒரு பக்கம் தைத்து முடித்திருந்தார்கள். பசு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி நின்றது. அவர் அதன் கயிற்றைப் பிடித்தபடி எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வந்தார். "என்ன பாட்டி, விரதமெல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?"

"பேஷா! நிர்ஜலமா இருந்தது. மனுஷா இருக்க மாட்டா அந்த மாதிரி."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஆட்டின் இதயத் துடிப்பைக் கேட்டார். கழுத்தில் கொஞ்சம் மயிரை வழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். சில்லென்று பட்டதும் ஆடு உடம்பைச் சிலுப்பியது. லால்குடிக்காரர் அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்: "உத்தரவு குடுத்துருச்சும்மா!"

கோயில் கிடாய்க்கு மேலே தண்ணீர் தெளித்து, அது சிலுப்பினால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெட்டுவார்கள். அதைச் சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் காதோரம் குனிந்து ஆறுதலாகச் சொன்னார்.

"பயப்படாதே. குறை ஒண்ணும் வெக்கலை. விடிகாலைல எனக்கு முன்னாடி அதுக்குத்தான் பாரணை பண்ணி வெச்சேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்றைக்குத் துவாதசி. பாரணை என்றால் அகத்திக்கீரை. காம்பு இல்லை, கீரை. அதுவும் மாமி கை, அள்ளிக் கொடுக்கிற கை. விரதம் இருந்த ஒரு ஜீவனை அதை முடித்துவைக்காமல் அனுப்பினால் பலன் போய்விடும் என்பது அவர் கணக்கு. டாக்டரம்மா நாளைக்கு விரதம் என்றார். நாளை முடிந்துவிட்டது. மாமி பக்கத்தில் ஒரு தப்பும் இல்லை.

டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். "ஆடு சாப்பிட்டிருக்கு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. லால்குடிக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு கன்று கத்தியது. மாமி ஆட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். சத்தமாகச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் மாமிக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் ஆடு. நான் எழுந்து, மயிர் வழித்த இடத்தில் என் உள்ளங்கையை வைத்து மூடினேன். ஊசி என் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"ஊசி வேணாங்க. ஆடு சாப்பிட்டிருக்கு. இன்னைக்குக் காலைல அகத்திக்கீரை தின்னுருக்கு."

இந்த முறை கொட்டகை முழுக்கக் கேட்டது. என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

"ஆடே தலையாட்டிருச்சு, நீங்க வேணாங்கறீங்களேம்மா!" என்றார் லால்குடிக்காரர். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மாமியைப் பார்த்தார். மாமி முகம் வெளுத்துவிட்டது. "புல்லு, தழை, தவிடு நேத்திக்குத்தானே கூடாதுன்னேள்? இன்னிக்கு துவாதசி இல்லையோ? பாரணை பண்ணாம எப்படி..."

"எவ்வளவு பாட்டி குடுத்தீங்க?"

"ஒரு கட்டு. அதுவே கேட்டு வாங்கிண்டது."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு எங்களுக்கு விளக்கினார். ஆட்டுக்கு வயிறு ஒரு பெரிய அண்டா. உள்ளே தழை புளித்துக்கொண்டே இருக்கும், காற்று கிளம்பிக்கொண்டே இருக்கும். முழித்திருக்கிற ஆடு ஏப்பம் விட்டுக் காற்றை வெளியேற்றிவிடும். மயக்கத்தில் அது முடியாது. வயிறு ஊதி நெஞ்சை அமுக்கும். அசைபோட வேண்டிய தழை தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம். "மனுஷனுக்கு எச்சில் வந்தா முழுங்கறோம். இதுக்கு மயக்கத்துல குழாய் திறந்த மாதிரி ஊத்தும். அதுக்கே தலையைச் சரிச்சு வெச்சுப் பாத்துக்கணும். கீரையும் சேர்ந்து வந்தா நான் என்ன பண்றது?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வண்டிக்கார பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்ல வேளை டாக்டரம்மா, நீங்க நோன்புன்னு சொல்லலை. சொல்லியிருந்தா நேத்து சாயந்திரம் பாங்கு சொன்னதும் நானே கஞ்சி ஊத்தி நோன்பு தொறந்து வெச்சிருப்பேன்."

"எங்க வீட்ல தவக்காலத்துல ஒருசந்தி விரதம்னா மத்தியானம் ஒரு வேளை முழுச் சாப்பாடு உண்டு" என்றார் டாக்டரம்மா. "தப்பு என்னோடதுதான். இந்த ஊர்ல விரதம்ங்கற வார்த்தையையே எடுக்கக்கூடாது. எல்லாருதும் எங்கயோ ஒரு இடத்துல சாப்பாட்டுல போய் முடியுது." பிறகு மாமியிடம் விரலை நீட்டிச் சொன்னார்: "நாளைக்கு வெறும் வயிறு. நாளன்னைக்குக் காலைலயும் வெறும் வயிறு. ஆபரேஷன் முடிஞ்சு, அது எந்திரிச்சு நின்னு, நான் குடுங்கன்னு சொல்ற வரைக்கும் வெறும் வயிறு."

திரும்பும்போது மாமி முன்னால் உட்காரவில்லை. என்னோடு பின்னால் ஏறி, ஆட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். பாலம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா மண்டபம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு இதை எங்க கட்டப்போறே?"

"உங்க கொல்லையிலதான் மாமி."

"வேண்டாம்மா. என்னை நம்பாதே."

"கட்டுறேன் மாமி" என்றேன். வேறு இடம் இல்லாததால் சொன்னதல்ல அது. வண்டிக்காரர் தன் வீட்டு முற்றத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஏகாதசி முழுக்கத் தானும் தண்ணீர் இல்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாமி. அந்தக் காவல் வேறு யாரிடமும் கிடைக்காது. சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் அதிலிருந்து ஒரு நூல் பிசக மாட்டார். இது எனக்கு உறுதியாகத் தெரியும்.

பிசகவில்லை. அடுத்த நாள் போனபோது கொல்லையில் நிற்கிற அகத்தி மரத்தின் தாழ்ந்த கிளைகளை வெட்டிப் பக்கத்து வீட்டுப் பசுவுக்கு அனுப்பியிருந்தார். சாயந்திரம் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அன்றைக்கு விரதம் இல்லாதபோதும் ஆடு பார்க்கிற இடத்தில் சாப்பிட மனசு வரவில்லை என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாராம்.

மூன்றாவது முறை பாலத்தைக் கடந்தோம். டாக்டரம்மா மாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார். "வெறும் வயிறுதானேம்மா?"

"வெறும் வயிறுங்க." இந்த முறையும் குரல் வந்தது.

அன்றைக்கு நடந்ததை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மயக்க ஊசி என்றால் குத்தியதும் சாய்ந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் போடுவது கிறக்க ஊசி. தூக்கம் அது இல்லை, தூக்கத்துக்கு வழிவிடுவது. பயந்து துடிக்கிற ஆட்டை அப்படியே மயக்கத்துக்குத் தள்ளினால் மயக்க மருந்து அதிகமாக வேண்டும், நெஞ்சுக்கு ஆகாது. முதலில் பயத்தை இறக்கி வைத்துவிட்டால் அப்புறம் கொஞ்சத்திலேயே ஆகிவிடும். இந்தக் கிறக்க மருந்தும் எல்லாவற்றுக்கும் ஒன்று போல இல்லையாம். குதிரைக்குத் தாங்குகிற அளவை மாட்டுக்குப் போட்டால் மாடு விழுந்துவிடும். சில செம்மறிக்கு ஒரு வகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால் ஆடு பார்த்து, மருந்து பார்த்து, துளியாகப் போட்டார்.

போடுவதற்கு முன்னால் கொட்டகையில் இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பினார். "சத்தம் இருந்தா இந்த மருந்து வேலை செய்யாது. பயம் மருந்தை ஜெயிச்சிடும்." மாமி வாய்க்குள் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாட்டி, அதுவும் மனசுக்குள்ள" என்றார். மாமி வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் எழுந்தேன்.

"நீங்க எங்க போறீங்க? உங்க மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். தலையைப் பிடிச்சுக்குங்க."

ஆட்டின் தலையை என் முழங்கையில் சாய்த்துப் பிடித்தேன். ஊசி போட்ட பிறகு அதைத் தொந்தரவு பண்ணாமல் காத்திருந்தோம். விசிறி மட்டும் சுற்றியது. முதலில் காது தளர்ந்தது. விறைப்பாக முன்னால் நிற்கும் காது, நனைந்த இலை மாதிரி தொங்கியது. பிறகு கீழுதடு. கண் திறந்தே இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டோரத்தில் வண்டி வருகிறதா என்று பார்க்கிற அந்தக் கவலை அதன் முகத்தில் இல்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கவலை இல்லாமல் அதன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மந்தையை நடத்துகிறவளுக்கும் இப்படி ஒரு ஓய்வு வேண்டும்தானே என்று தோன்றியது. மெல்ல மெல்லத் தலையின் பாரம் முழுக்க என் கைக்கு இறங்கியது. எச்சில் நூலாக வடிந்து என் புடவையை நனைத்தது. டாக்டரம்மா விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெடி" என்றார் மெதுவாக. அதற்கு மேல்தான் மயக்க மருந்து, தொண்டையில் மூச்சுக்குக் குழாய் எல்லாம். அதற்கு என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

நானும் மாமியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாமி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "அது எழுந்து நிக்கட்டும்" என்றார். வண்டிக்கார பாய் டீ வாங்கி வந்தார். நான் குடித்தேன். மாமி தொடவில்லை.

கூப்பிட்டபோது ஆடு கொட்டகைத் தரையில் சாக்கின் மேல் இருந்தது. வயிற்றில் கட்டு. பக்கவாட்டில் விழாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நெஞ்சுக்கூடு தரையில் பட உட்கார வைத்திருந்தார்கள். எச்சில் வெளியே வடியும்படி மூக்கு தாழ்ந்திருந்தது. குடல் நல்லபடியாக இருந்தது, தைத்தாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. ஆனால் போகவில்லை, அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்னங்க?" என்றேன்.

"ஒரு ஏப்பம் விடணும்மா. அது வந்துட்டா வயிறு வேலைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்."

நாங்கள் எல்லோரும் ஒரு ஆட்டின் ஏப்பத்துக்காக உட்கார்ந்திருந்தோம். காது முதலில் திரும்பியது. ஒன்று, பிறகு இன்னொன்று. கண் என் பக்கம் வந்து நின்றது. கழுத்தில் ஏதோ உருண்டு மேலே ஏறியது. நாற்றத்தோடு ஒரு ஏப்பம், நல்ல சத்தமாக.

"ரங்கா!" என்றார் மாமி. இந்தத் தடவை டாக்டரம்மா தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது தடுமாறி எழுந்து நின்றது. அப்புறம்தான் மாமி வண்டிக்காரரிடம் ஆறிப்போன டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தையல் ஆறும்வரை முன்னத்தியைப் பட்டியிலேயே கட்டிப் போட்டிருந்தேன். மந்தையை நானே ரோட்டுக்குக் கொண்டுபோனேன். "வா, வா" என்று சத்தமாகத்தான் கூப்பிட்டேன். குரல் வந்துவிட்டது என்ற நம்பிக்கை. ஆடுகள் என்னை அதிசயமாகப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே நின்றன. இரண்டு பேர் கைகொடுத்துத்தான் கடந்தோம். குரல் வேறு, நம்பிக்கை வேறு என்று அப்போது தெரிந்தது. ஆனாலும் அவர்களைக் கைகொடுக்கக் கூப்பிட்டவள் நான்தான்.

இப்போது முன்னத்தி பழையபடி ரோட்டோரம் வந்து நிற்கிறது. நான் முதுகிலிருந்து கையை எடுத்தால் இறங்குகிறது. துவாதசி காலையில் மாமி அகத்தியோடு கொல்லைக் கதவைத் திறப்பார். ஆடு கழுத்தை நீட்டும். மாமி கீரைக் கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"குடுக்கலாமோ?"

"குடுங்க மாமி."

நான் சொன்ன பிறகுதான் கை முன்னால் வரும்.